மிதவையின் எடை

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் கிருபையால் நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளைக்குப் பிரார்த்தனை செய்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். உன் குரலைக் கேட்டதும் அழுகை முந்திக்கொள்கிறது, கேட்க நினைத்தது விட்டுப்போகிறது. எழுதினால் நிதானமாகக் கேட்கலாம்.

உன் அத்தான் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். நீ வந்திருந்தபோது வீடு நிறைய ஆட்கள், உன்னோடு தனியாகப் பேச வாய்க்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்று காலை அவர் வாசல் நடையில் நிறுத்தியிருந்த வண்டியை அங்கேயே உதைத்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மூன்றாவது உதையில் இன்ஜின் இருமிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவர் சத்தம். ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டி வண்டிக்கு அடியில் தேங்கியிருந்திருக்கிறது. அந்த வண்டியில் எப்போதுமே பெட்ரோல் வாடை உண்டு என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. "என் வண்டிக்குப் பிறவி ஜலதோஷம், மூக்கு ஒழுகிக்கிட்டேதான் இருக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார், உனக்குத் தெரியாததா.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அதில் ஒருநாள் தன் அண்ணனிடம், "சிட்டு டேப்பை மூடலையா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவ்வளவுதான். அது இங்கே தீர்ப்பாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வேலையிலிருந்து அந்த வண்டியை ஓட்டிவந்து நிறுத்தியது சிட்டுதான். டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் டேப்பை மூடினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. "தெரியலம்மா" என்கிறாள். எத்தனை முறை கேட்டாலும் அதேதான். மூடினேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால்கூடத் தேவலை. அதுவும் அவளுக்கு வரவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறாள்.

எரிந்த வண்டி கொல்லைக் கொட்டகையில் கிடக்கிறது. பெட்ரோல் எங்கெல்லாம் ஒழுகும், எதனால் ஒழுகும் என்று ஒன்றும் அறியாதவளுக்குச் சொல்வதுபோல் எழுது. நானே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். என் பெண்ணால்தான் அவர் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். முப்பது வருஷமாகப் பழைய வண்டிகளுக்கே வைத்தியம் பார்க்கிறவன் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

உன் நலத்துக்கும் சேர்த்துத் தினமும் வேண்டிக்கொள்ளும்,
அக்கா

*

ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். வலியைவிடத் தைல வாடைதான் பெரிதாக இருக்கிறது. நீ உடம்பைக் கவனி. சிட்டுவையும் பார்த்துக்கொள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பழைய வண்டியில் பெட்ரோல் ஒழுகுவதற்கு நாலைந்து இடம் உண்டு. முதலாவது டேப். அதற்குள்ளே ஒரு கார்க் துண்டு இருக்கும். வண்டி ஓடாமல் கிடந்தால் கார்க் காய்ந்து சுருங்கி, மூடினாலும் கசியும். அத்தான் வண்டி தினமும் ஓடியது, அதனால் கார்க் சரியாகத்தான் இருந்திருக்கும். இரண்டாவது, டேப்பிலிருந்து கார்பரேட்டருக்கு வரும் ரப்பர் குழாய். அது வெடித்துப்போகும். போன அக்டோபரில் நான் வந்தபோது புதுக் குழாய் போட்டேன். மூன்றாவது, கார்பரேட்டருக்கு அடியில் உள்ள கிண்ணத்தின் வாஷர். அதையும் மாற்றினேன்.

உண்மையைச் சொன்னால், டேப் மூடியிருந்தால் இது நடந்திருக்காது அக்கா. டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்கவே இறங்காதே. அத்தானிடம் நான் கிளம்பும்போதுகூடச் சொன்னேன், நிறுத்தினதும் டேப்பை மூடிவிடுங்கள் என்று.

ஆனால் சிட்டு சின்னப் பெண். மறதி யாருக்கும் வரும். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நான் சொன்னேன் என்று சொல்.

என்றும் உன் ஆசியை நாடும்,
தம்பி

*

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே குளிர் விட்டுவிட்டது. என் இருமலும் விட்டது.

உன் கடிதத்தைச் சிட்டு எனக்கு முன்னால் படித்துவிட்டாள். தபால்காரர் அவள் கையில்தான் கொடுத்தார். "டேப் மூடியிருந்தால் இது நடந்திருக்காது" என்கிற வரியை அவள் விரலால் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "மாமாவே சொல்லிட்டாரும்மா" என்றாள். நீ அதற்குக் கீழே எழுதியிருந்த ஆறுதலை அவள் படித்ததாகத் தெரியவில்லை.

நீ எழுதிய இடங்களையெல்லாம் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். கார்க் கரியாகிவிட்டது. ரப்பர் குழாய் இருந்த இடமே தெரியவில்லை. டேப்பின் கைப்பிடி பாதி திறந்த நிலையில் இறுகியிருக்கிறது. ஆனால் தீயை அணைத்தவர்கள் மண்ணைக் கொட்டி, கம்பியால் வண்டியை வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்த இழுப்பில் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியதோ யார் கண்டது. அதனால் அது சாட்சி இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டல்லவா. அக்டோபர் 14 பக்கத்தைப் புரட்டினேன். "தம்பி வண்டியைப் பிரித்தான். புதுக் குழாய், வாஷர். பித்தளைப் பெட்டியை வெந்நீரில் போட்டான், குமிழி வந்தது. என் அடுப்பில் இரும்பைக் காய்ச்சி ஈயம் வைத்தான்" என்று இருக்கிறது. நினைவும் வந்துவிட்டது. இரண்டு சிறிய கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டியதுபோல் ஒன்றை என் பால் பாத்திரத்தில் போட்டாய். "அக்கா, இதுக்கு மூச்சு வாங்குது பாரு" என்றாய். பாத்திரத்தைக் கெடுத்ததற்காக நான் உன்னைத் திட்டினேன். அது என்ன? அதிலிருந்து பெட்ரோல் ஒழுகுமா? நீ எழுதிய பட்டியலில் அது இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை தலைக்குமேல் இருக்கிறது. வண்டி சேகரிக்கும் பெரிய மனிதர் ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு பழைய வண்டிகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கார்பரேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடம் அது. உள்ளே ஊசித்துளை மாதிரி ஒரு ஜெட் இருக்கும். அதில் தூசி அடைத்தால் வண்டி திணறும், இருமும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உதைத்தால் சில சமயம் நெருப்பைப் பின்பக்கமாகத் துப்பும். அன்று அப்படித்தான் துப்பியிருக்க வேண்டும். அது எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ள குணம். நான் வந்தபோது ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தேன், காற்று ஸ்க்ரூவைத் திருகி வைத்தேன். கார்பரேட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்த எரிந்த இரும்பை ஏன் கொட்டகையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வேதனைப்படுகிறாய்? எடைக்குப் போட்டுவிடு. கண்ணில் படாமல் இருந்தாலே மனசு பாதி ஆறும். சிட்டுவுக்கும் நல்லது.

அவள் வேலைக்குப் போகிறாளா?

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் ஆண்டவன் துணை. வேலை அதிகம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு காய்ந்தால் தலைவலி வரும்.

சிட்டு வேலையை விட்டுவிட்டாள். காரணம் கேட்டார்களாம், சொல்லவில்லையாம். வீட்டில் அவள் செய்வதை எழுதுகிறேன். குளியலறைக் குழாயை மூடுவாள். அறைக்கு வருவாள். திரும்பப் போய் மூடுவாள். சமையல் அடுப்பின் திருகை, தண்ணீர்த் தொட்டியின் வால்வை, பக்கத்து வீட்டு வாசல் குழாயைக்கூட. நேற்று நான் எண்ணினேன். மதியத்துக்குள் முப்பத்தெட்டு முறை. திருகித் திருகி வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது. மருந்து போடப் போனால், "மூடியிருக்குதானேம்மா, நீயும் பாத்தேல்ல?" என்கிறாள். பார்த்தேன் என்கிறேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி எழுகிறாள்.

அவளுடைய பெரியப்பா நேற்று வந்திருந்தார். அவள் குழாயடிக்குப் போனதைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஒருதரம் மூடியிருந்தா போதுமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இந்த வீட்டில் மெதுவாகச் சொன்னது எதுவும் கேட்காமல் போவதில்லை.

வண்டியை எடைக்குப் போடமாட்டேன். நான் கேட்ட பித்தளைப் பெட்டியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும். வெந்நீரில் குமிழி விட்டதே, அதுதான்.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம். நீங்கள் சுகமாக இருந்தால் சரி.

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். கண்ணாடி தடிமனாக இருக்கும், ஆகவே எல்லாருக்கும் அவர் சோடாபுட்டி. கார்பரேட்டரைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். வயதான பொம்பளை கரிப்பிடித்த இரும்போடு வந்து நின்றதும், "இதை இனி ரிப்பேர் பண்ண முடியாதும்மா, பாவம் நீங்க" என்றார். ரிப்பேருக்கு இல்லை, பாடம் கேட்க வந்தேன் என்றேன். ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

தன் பெட்டியிலிருந்து அதேபோல் ஒரு பித்தளைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். அதற்கு மிதவை என்று பெயராம். தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கிறதே, அதே வேலை. கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை ஏறும், ஓர் ஊசியை மேலே தள்ளும், ஊசி வழியை அடைக்கும்.

"அப்ப டேப் எதுக்கு?" என்று கேட்டேன்.

"டேப்பு வீட்டுக் கதவுக்கு மேல போடுற ரெண்டாவது தாழ்ப்பாள் மாதிரிம்மா. போட்டா நல்லது. ஆனா மிதவை ஒழுங்கா இருந்தா, டேப்பை விடிய விடியத் திறந்து வெச்சாலும் ஒரு சொட்டு கீழ விழாது."

தம்பி, அந்த இடத்தில் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். மிதவையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். ஈயம் வைத்து அடைப்போம், ஆனால் அளவு பார்த்து என்றார். "பொட்டு கூடிப்போனா மிதவை கனத்துடும். கனத்தா முங்கும். முங்கினா ஊசி சரியா அடைக்காது. ஈயத்தை அரத்தால ராவி, பழைய எடை வர்ற வரைக்கும் தராசுல வெச்சுப் பாக்கணும். வேலை தெரிஞ்சவன் எவனும் எடை பாக்காம மாட்டமாட்டான்."

என் கார்பரேட்டரின் கிண்ணம் தீயில் இறுகிவிட்டது, திறக்க வரவில்லை. எண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். என் வீட்டில் ஈயம் வைத்தாயே, எடை பார்த்தாயா?

அக்கா

*

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நலம். அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பட்டறையிலும் ஆள் குறைவு. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

கண்டவர்களிடம் எல்லாம் கார்பரேட்டரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் எதையாவது சொல்லிக் குழப்புவார்கள். சிட்டுவை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு.

தம்பி

*

மே 31

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரியின் காய்ச்சல் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவளுக்காகத் தனியாக வேண்டிக்கொண்டேன்.

நேற்றோடு ஆறு மாதம். பிரார்த்தனைக்கு உறவெல்லாம் வந்திருந்தார்கள், நீ மட்டும் வரவில்லை. எல்லாம் முடிந்து ஆளாளுக்கு ஒரு காப்பிக் குவளையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சிட்டுவின் பெரியப்பா, "தப்பை ஒத்துக்கிட்டா பாரம் குறையும்னு சொல்லுவாங்க. அவங்கப்பன் போட்டோ முன்னாடி ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு அவ பழையபடி வேலைக்குப் போகலாமே" என்றார். கெட்ட மனசில் சொல்லவில்லை. அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தான்.

சிட்டு உடனே எழுந்தாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி எழுந்தாள். அப்பா படத்தின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, "நான்தான் டேப்பை மூடல. நான்தான் அப்பாவைக் கொன்னேன். எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். "தெரியலம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் தம்பி, இப்போது மூடவில்லை என்கிறாள். எல்லாரும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். நான் குவளைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சோடாபுட்டி கார்பரேட்டரைத் திறந்துவிட்டார். மிதவை இரண்டு கிண்ணமாகப் பிரிந்து கிடக்கிறது. தீயில் ஈயமெல்லாம் உருகி ஓடிவிட்டது. எவ்வளவு ஈயம் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம். ஆகவே உன்னைக் காட்டிக்கொடுக்க எந்தச் சாட்சியும் இல்லை. அது உனக்கு நிம்மதியாக இருந்தால் இருக்கட்டும்.

அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. இடுப்பிலிருந்து நான் உன்னை இறக்கியதில்லை. அந்தக் கணக்கைக் காட்டி நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு நீ இனி பதில் எழுத வேண்டாம். எழுதுவதானால் அவளுக்கு எழுது.

அக்கா

*

ஜூன் 25

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

உள்ளங்கை ஆறியதா? அத்தை உன்னைக் கேட்டாள். அவளுக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. அம்மாவுக்கு நான் எழுதிய பொய்களில் அது சின்னது.

பெரியதைச் சொல்கிறேன். அப்பாவின் சாவுக்கு நீ காரணம் இல்லை. நான்.

அக்டோபரில் வந்தபோது மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. ஈயம் வைத்தேன். ஒரு பொட்டு போதும். இரும்பு அதிகம் காய்ந்துவிட்டதால் ஈயம் மளமளவென்று இறங்கிப் பட்டாணி அளவுக்கு உருண்டது. அரத்தால் ராவி எடை பார்த்திருக்க வேண்டும். தராசு பட்டறையில் இருந்தது. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே மாட்டி, டேப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. துணியால் துடைத்தேன். பிரித்து மறுபடி செய்யலாம். ஆனால் ரயில் போய்விடும். அப்பா பக்கத்தில் நின்று, "என்ன டாக்டர், ஜலதோஷம் போயிடுச்சா?" என்றார். போய்விட்டது என்றேன்.

அப்புறம்தான் சொன்னேன், "நிறுத்தினதும் டேப்பை மூடிடுங்க அத்தான், மறக்காம." அது வண்டிக்காரனுக்குச் சொல்லும் பொதுவான அறிவுரை இல்லை சிட்டு. என் வேலையில் இருந்த ஓட்டைக்கு நான் போட்ட அடைப்பு அது. அதை ஏன் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் அதை உன்னிடம் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். நீ மூடினாயோ இல்லையோ, அது எனக்கு வேண்டியதில்லை. நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்த டேப் வருஷம் முழுக்கத் திறந்தே கிடந்திருந்தாலும் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

ஜனவரியிலேயே இதை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே ஓடியது, வேறு பக்கமாக. டேப் மூடியிருந்தால் நடந்திருக்காது என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதனால்தான் எழுத வசதியாக இருந்தது.

பட்டறையைப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. இதைப் பெரியப்பாவிடமும் காட்டு. எல்லாரிடமும் காட்டு.

மாமா

*

ஜூலை 6

அன்பு மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? அம்மா நலம். என் கை ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து படித்தேன். நீங்கள் சொன்னபடி பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன்னா இவன்தான். பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டான் பாரு" என்றார். அவர் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன். உறவில் எல்லாருக்கும் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்.

மாமா, நீங்கள் ஒரு வாஷரைக்கூட விரலில் வைத்து எடை பார்த்துத்தான் மாட்டுவீர்கள். சொட்டுகிற வண்டியைத் துடைத்துவிட்டு ரயிலேறுகிற ஆளா நீங்கள்? அம்மா முதல் தடவை கேட்டபோது அவளுக்கு உங்கள்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. நீங்களும் இருந்ததை எழுதினீர்கள். டேப் மூடியிருந்தால் நடந்திருக்காது என்று. நான் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டதை அம்மா எழுதியதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம் வருகிறது. எனக்காக எழுதினீர்கள் என்று புரியாத அளவுக்கு நான் சின்னப் பெண் இல்லை. அத்தை காய்ச்சலைக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சோடாபுட்டி அண்ணனிடம் மிதவையை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். வெறும் இரண்டு கிண்ணங்கள். காகிதம் மாதிரி கனமே இல்லை.

அம்மா மட்டும், "மாமா எழுதினது சத்தியம்டி" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். என்னைத் தேற்றுவதற்கு நீங்கள் இருவரும் பேசிவைத்துச் செய்வது போலிருக்கிறது. கோபமில்லை மாமா. இவ்வளவு பெரிய பழியை ஒருவர் எனக்காகச் சுமக்க வந்தார் என்பதே போதும்.

பட்டறையைத் திறங்கள். நான் உங்களிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? இங்கே நடையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது. உங்களோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மறக்காத நன்றியுடன்,
சிட்டு

*

ஜூலை 8

தம்பிக்கு,

சிட்டுவின் கடிதம் உனக்கு வந்திருக்கும். ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் நம்புகிறேன். இரும்பு காய்ந்து சிவந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். ரயிலுக்கு நேரமாச்சு என்று உனக்குச் சோற்றை அவசரமாகப் போட்டவளும் நான்தான். இந்த வீட்டில் உன்னை நம்புகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் உன்னைக் கும்பிடுகிறார்கள்.

ஜனவரியில் இதை எழுதியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அப்போது அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும் என்கிறாள். டேப்பை மூடாமல் போனது கண்ணுக்குள் தெரிகிறதாம். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்கிறாள்.

அவளை உன்னிடம் அனுப்புகிறேன். 19-ஆம் தேதி காலை ரயிலில் வருகிறாள். துணிகளோடு அந்த மிதவைத் துண்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறாள். பட்டறையைத் திறந்து வை. அவள் கண்முன்னால் ஒரு மிதவைக்கு ஈயம் வை. கூட வை. மாட்டிக் காட்டு. சொட்டுவதைப் பார்க்கட்டும். மாமா எனக்காக வேண்டுமென்றே கெடுக்கிறார் என்பாள். மறுநாளும் செய். ஒருமுறை எழுதிவிட்டோம், கடன் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. அவள் முகத்தைப் பார்த்துச் சொல். தினமும் சொல்.

அவள் நம்புகிற நாள் வரும் என்றுதான் ஆண்டவனிடம் கேட்கிறேன். அன்றைக்கு அவள் உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி வந்துவிடுவாள். அதன்பிறகு உனக்கு மருமகள் கிடையாது. அக்காவும் இருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே அவளை வரவேற்று, தெரிந்தே சொல்ல வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். அவள் நம்புகிற வரைக்குமாவது நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா